கேம்பர் வேனில் கோடைத் திருவிழா: சென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சித்திரை பிறந்து பள்ளிக்கூடங்களுக்கும் லீவு விட்டாயிற்று என்றால் சென்னையில் பாதி வீடுகளில் ஒரே பேச்சுதான்: இந்த வருஷம் ஊர்த் திருவிழாவுக்கு எப்படிப் போவது? கட்டிலும் கழிப்பறையும் வைத்துக் கட்டிய கேம்பர் வேனை வாடகைக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளையும், போய்வந்த அனுபவத்தில் சொல்லக்கூடிய பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

பஸ்ஸும் ரயிலும் இருக்கும்போது கேம்பர் வேன் எதற்கு?

திடமான ஆட்கள் இரண்டு மூன்று பேர் என்றால் தேவையே இல்லை. ராத்திரி ரயிலில் ஏறி, திருவிழா பார்த்து, மறுநாள் ரயிலில் திரும்பிவிடலாம். செலவும் குறைவு.

வயதான அம்மா அப்பா, கைக்குழந்தை, அடிக்கடி பாத்ரூம் போகவேண்டிய சர்க்கரை நோயாளி, இப்படி யாராவது உடன் வரும்போதுதான் வேனுக்கு வேலை. திருவிழா நடக்கிற கிராமத்தில் லாட்ஜ் இருக்காது. பூர்வீக வீட்டைப் பல குடும்பங்கள் விற்றுவிட்டன, அல்லது அது பூட்டியே கிடக்கிறது. சொந்தக்காரர் வீட்டில் ஏற்கெனவே இருபது பேர். பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை என்பதாலேயே எத்தனையோ பாட்டிமார்கள் "நான் வரலை, நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போகத்தான் இந்த வண்டி.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேன் திருவிழாவுக்குள் போகாது. ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி, படுக்கவும் முகம் கழுவவும் ஒரு இடமாக நிற்கும், அவ்வளவுதான். வண்டியைத் தேருக்குப் பக்கத்தில் நிறுத்தி ஜன்னல் வழியாகப் பார்க்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

முதல் பயணத்துக்கு எந்தத் திருவிழா நல்லது?

என்னைக் கேட்டால், வட மாவட்டங்களில் நடக்கும் திரௌபதி அம்மன் திருவிழா. செய்யாறு, ஆரணி, வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் சித்திரை, வைகாசி மாதங்களில் இது நடக்கும். பெரும்பாலான ஊர்கள் சென்னையிலிருந்து மூன்று, நான்கு மணி நேரத்துக்குள் இருப்பதால், வண்டியில் ஏதாவது கோளாறு என்றாலும் சமாளித்துக்கொள்ளலாம்.

மதியத்தில் பாரதப் பிரசங்கம். இரவு பத்து மணிக்கு மேல் தெருக்கூத்து தொடங்கினால் விடியும் வரை நடக்கும். வில் வளைப்பு, துகிலுரிதல், அர்ஜுனன் தபசு, கர்ண மோட்சம் என்று ஒவ்வொரு இரவுக்கும் ஒரு கதை. கடைசி நாள் காலையில் படுகளம்: துரியோதனனை மண்ணால் பிரம்மாண்டமாகப் படுத்த நிலையில் செய்து, அதன்மேல் நின்று கூத்துக் கலைஞர்கள் பதினெட்டாம் போரை ஆடுவார்கள். சாயங்காலம் தீமிதி. செய்யாறு பக்கத்துப் புரிசை தெருக்கூத்துக்குப் பேர் பெற்ற ஊர். செஞ்சிக்கு அருகே மேலச்சேரியில் உள்ள திரௌபதி அம்மன் கோயிலைத்தான் மூலக்கோயிலாகப் பலர் சொல்வார்கள்.

கூத்துப் பார்க்கப் போகிறவர்களுக்கு வேன் எவ்வளவு உதவி என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். குழந்தைகள் ஒரு மணிக்கே தூங்கிவிடும். முன்பெல்லாம் திடலிலேயே பாய் விரித்துப் படுக்க வைத்தோம். இப்போது தாத்தா குழந்தைகளோடு வண்டிக்குத் திரும்பிவிடலாம், மற்றவர்கள் விடியும் வரை பார்க்கலாம். ஒரே சிக்கல், நீங்கள் தூங்க வேண்டிய நேரம் பகல். அதனால் நிழலான இடம் கிடைத்தால் மட்டுமே இது சரிப்படும்.

எந்தக் கிராமத்தில் என்றைக்கு என்பது இணையத்தில் கிடைக்காது. அந்தப் பக்கத்துக்காரர் யாரையாவது கேளுங்கள். அச்சடித்த திருவிழா நோட்டீஸைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பச் சொன்னால் தேதி, கதை, கூத்துக்குழு எல்லாம் அதிலேயே இருக்கும்.

மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வேன் ஒத்துவருமா?

வரும், ஆனால் தனியாகத் திட்டம் போடவேண்டும்.

முதலில் தேதி. அழகர் வைகையில் இறங்குவது சித்ரா பௌர்ணமியை ஒட்டி. 2024-இல் ஏப்ரல் 23, 2025-இல் மே 12. இப்படி வருஷத்துக்கு வருஷம் நகர்வதால் வண்டிக்கு முன்பணம் கட்டும் முன் பஞ்சாங்கத்தையும் கோயில் அறிவிப்பையும் பாருங்கள். மீனாட்சி கோயிலில் கொடியேற்றி, எட்டாம் நாள் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்விஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம், மறுநாள் தேர். அதன்பிறகுதான் மதுரைக்கு வரும் அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையும், ஆற்றில் இறங்குவதும். எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டு ஒரு வாரம் வேனை எடுக்காதீர்கள். பெரியவர்களோடு போகிறீர்கள் என்றால் எதிர்சேவை போதும். மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் என்று அழகர் மண்டகப்படி மண்டகப்படியாக (வழியில் சாமி தங்கிப் பூஜை ஏற்கும் பந்தல்கள்) நின்று நின்று வருவார். ஒரு மண்டகப்படியில் தவறவிட்டாலும் அடுத்ததில் பார்த்துவிடலாம். ஆற்றுக்குள் இருக்கும் நெருக்கடி அங்கே இல்லை.

ஆற்றில் இறங்கும் அதிகாலையில் கரையில் நிற்க இடம் பிடிப்பது வேறு கதை. 2022-இல் அந்தக் கூட்ட நெரிசலில் இருவர் இறந்தார்கள். குழந்தைகளையும் வயதானவர்களையும் ஆழ்வார்புரம் பக்கத்து ஆற்றுப் படுகைக்குள் கூட்டிப்போகவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அவர்களுக்கு மறுநாள் வண்டியூர், தேனூர் மண்டபம் பக்கம் பார்த்துக்கொள்ளலாம், அல்லது இரவு அழகர் பத்து அவதாரக் கோலத்தில் வரும் தசாவதாரம். இல்லையென்றால் பூப்பல்லக்கு.

இனி வண்டி. அழகர்கோயில் சாலைதான் அழகர் வரும் வழி என்பதால் அந்த நாட்களில் அதில் வண்டி நகராது. மேலூர் வழியாக வந்து ஒத்தக்கடையைத் தாண்டுவதற்கு முன்பே ஒரு இடம் பார்த்து நிறுத்திவிடுங்கள். அங்கிருந்து மாட்டுத்தாவணிக்கு டவுன் பஸ், பிறகு ஆட்டோ அல்லது நடை. பாதையெங்கும் நீர்மோர்ப் பந்தலும் பானகமும் இருக்கும், சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுபவர்கள் பக்கத்தில் போனால் நனைவது நிச்சயம் என்பதால், கைப்பேசியைக் கட்டிவைக்க ஒரு பிளாஸ்டிக் பை எடுத்துக்கொள்ளுங்கள்.

கூவாகம் போகலாமா?

போகலாம். உளுந்தூர்பேட்டை பக்கத்தில் இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமி இரவில் திருநங்கைகள் கூத்தாண்டவர் (மகாபாரதத்து அரவான்) கோயிலில் தாலி கட்டிக்கொள்வார்கள், மறுநாள் தேரோட்டம் முடிந்ததும் அரவானுக்காக ஒப்பாரி வைத்துத் தாலி அறுப்பார்கள். இது அவர்களுடைய வழிபாடு, அவர்களுடைய துக்கம். அனுமதி கேட்காமல் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவதாக இருந்தால் தயவுசெய்து போகாதீர்கள். கிராமத்துச் சாலை குறுகல், வேன் உள்ளே போனால் வெளியே வர மறுநாள் ஆகும். நெடுஞ்சாலைப் பக்கமே நிறுத்திவிட்டு விழாவுக்கு விடும் பஸ்ஸில் போவதுதான் சரி.

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு மலர்க் கண்காட்சிகள்?

மே மாதம் ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவிலும் ஏற்காடு அண்ணா பூங்காவிலும் கோடை விழா. மலையில் ஏசி இல்லாமலே தூங்கலாம் என்பது வேனுக்குப் பெரிய சாதகம்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7-இல் தொடங்கியது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வாடகை வண்டிக்காரர் கடைசி நிமிடத்தில் வேறு வண்டியை அனுப்பினால் பழைய பாஸ் செல்லாது. வண்டி எண்ணை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ் எடுக்கும்போது எங்கே தங்குவீர்கள் என்றும் கேட்பார்கள். "வண்டியிலேயே" என்று மனக்கணக்குப் போட்டுப் போகாதீர்கள். காட்டோரச் சாலையில் ராத்திரி நிறுத்தக் கூடாது, யானை வரும் இடம். வண்டி நிறுத்த இடம் தரும் தங்கும் விடுதி ஒன்றைப் பேசிவைத்துவிட்டு மலை ஏறுங்கள்.

சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் ஒருவழியாக மாற்றுவது வழக்கம். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். மலைச்சாலைக்குப் பழக்கமில்லாத குடும்பம் என்றால் இருபது கொண்டை ஊசி வளைவோடு முடிந்துவிடும் ஏற்காட்டில் ஆரம்பிக்கலாம்.

காஞ்சிபுரம் வைகாசி கருட சேவைக்கு வேன் எடுக்கலாமா?

வேண்டாம். 75 கிலோமீட்டர்தான். நள்ளிரவு தாண்டிக் காரில் கிளம்பினால் விடியற்காலையில் வரதராஜரைக் கோபுர வாசலில் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

வாடகைக்கு எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் நம்பர் பிளேட். டிரைவரோடு வரும் வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. நீங்களே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை என்றால் அது சொந்த உபயோக வண்டி, வாடகைக்கு விடக்கூடாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பது இதைத்தான். எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் வெள்ளைப் பலகை வேண்டாம்.

அடுத்து ஆர்.சி. புத்தகம், அதாவது வண்டியின் பதிவுச் சான்று. இங்கே கிடைக்கும் கேம்பர் வேன்களில் பல, டெம்போ டிராவலரை மாற்றிக் கட்டியவை. கட்டிலும் கழிப்பறையும் வைத்து மாற்றியது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், பெர்மிட் மூன்றின் தேதியையும் பாருங்கள். திருச்சூர் பூரத்துக்கோ புதுச்சேரிக்கோ போவதாக இருந்தால் அந்த மாநிலத்துக்கான பெர்மிட், வரி யார் பொறுப்பு என்பதை முன்பே பேசுங்கள்.

வாடகையைக் கேட்டால் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகச் சொல்வார்கள். அதற்குள் எத்தனை கிலோமீட்டர், தாண்டினால் கிலோமீட்டருக்கு எவ்வளவு, டீசல் யாருடையது, டிரைவர் பேட்டா, டோல், கழிப்பறை சுத்தம் செய்யும் கட்டணம், திரும்பி வரத் தாமதமானால் அரை நாளா முழு நாளா, இவற்றையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். திருவிழாவுக்குப் போனால் வண்டி அதிக நேரம் நின்றுதான் இருக்கும். அதனால் கிலோமீட்டர் குறைவாகவும் நாள் வாடகை மலிவாகவும் இருக்கும் கணக்கையே பேசிப் பாருங்கள், நிறையப் பேர் ஒத்துக்கொள்வார்கள்.

பணம் கொடுக்கும் முன் நேரில் போய் உள்ளே ஏறிப் பாருங்கள். அம்மாவையும் கூட்டிப்போய்ப் படி ஏறச் சொல்லுங்கள். பல வண்டிகளில் முதல் படி முழங்கால் உயரம். ஒரு மர ஸ்டூல் கேட்டு வாங்கிக்கொண்டால் போதும், ஆனால் அது அன்றைக்கே தெரியவேண்டும்.

நானே ஓட்டலாமா?

மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டியை சாதாரண எல்.எம்.வி. (இலகுரக வாகன) உரிமத்தோடு ஓட்டலாம், வாடகை வண்டியாக இருந்தாலும் சரி. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு இதை உறுதிப்படுத்தியது. சட்டம் அப்படி, ஆனால் ராத்திரி முழுக்க கூத்துப் பார்த்துவிட்டுக் காலையில் நீங்களே ஓட்டுவதாக இருந்தால் தயவுசெய்து டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள். கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு வேனின் உயரம் கண்ணுக்குப் பிடிபடவும் நேரமாகும். கிராமத்துத் தெருவில் சீரியல் பல்பு, அலங்கார வளைவு, தொங்கும் மின்கம்பி எல்லாம் மேலே இருக்கும். கூரையில் ஏசி பொருத்திய வண்டி என்றால் ஒருவர் இறங்கி முன்னால் நடந்து பார்த்துச் சொல்லவேண்டும்.

வண்டி ஓடும்போது யாரும் கட்டிலில் படுத்திருக்கக் கூடாது, பாட்டியாக இருந்தாலும். பெல்ட் உள்ள சீட் எத்தனை இருக்கிறதோ அத்தனை பேர்தான் பயணிகள். படுக்கையை எண்ணி ஆள் சேர்க்காதீர்கள்.

டிரைவர் எங்கே தூங்குவார்?

இந்தக் கேள்வியை மிகச் சிலரே கேட்கிறார்கள், எல்லோரும் கேட்கவேண்டியது இது. குடும்பம் கட்டிலில் படுத்துக்கொள்ள, டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கில் தலை சாய்த்துத் தூங்கினால் மறுநாள் உங்கள் எல்லோருடைய உயிரும் அந்த அரைத்தூக்கத்தின் கையில். ஊரில் ஒரு அறையோ, பக்கத்து டவுனில் ஒரு லாட்ஜோ அவருக்குப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் பகலில் எல்லோரும் கோயிலில் இருக்கும்போது வண்டிக் கட்டில் அவருக்குத்தான். சாப்பாடு நமக்கு வாங்கும்போதே அவருக்கும்.

இரவு முழுக்க ஏசி ஓடுமா?

பெரும்பாலான வண்டிகளில் ஓடாது. 12 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இருப்பது 2,400 வாட்-அவர் மின்சாரம். பழைய வகை ஈய பேட்டரியில் அதில் பாதியைத்தான் நம்பி எடுக்கலாம். ஒரு டன் ஏசி ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும். ஆக ஒரு மணி நேரம். அதே பேட்டரியில் இருபது முப்பது வாட் ஃபேன் இரண்டை விடியும் வரை ஓட்டலாம். ஜன்னலுக்குக் கொசுவலை இருந்தால் ஃபேனே போதும். வெளி மின்இணைப்பு கிடைக்கும் இடத்தில் மட்டும் ஏசி.

அப்புறம், இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவே கூடாது: இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஏசியில் தூங்காதீர்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்திருந்தது. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலிருப்பவருக்குத் தெரியவே தெரியாது. அதை மோப்பம் பிடித்து அலறும் சிறிய கருவி ஆன்லைனில் கிடைக்கிறது. வண்டியில் இல்லாவிட்டால் நீங்களே வாங்கி மாட்டுங்கள்.

வண்டிக்குள் சமைக்கலாமா?

2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலையப் பகுதியில் நின்ற சுற்றுலாப் பெட்டிக்குள், விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். அடைத்த பெட்டிக்குள் கேஸ் என்ன செய்யும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வீட்டு சிலிண்டரை வண்டியில் ஏற்றாதீர்கள். காலை காபிக்கும் குழந்தைக்குப் பால் காய்ச்சவும் மின்இணைப்பு இருக்கும்போது ஒரு கெட்டில் போதும். முதல் நாளைக்குப் புளிசாதமும் எலுமிச்சை சாதமும் கட்டிக்கொள்ளுங்கள். தயிர்சாதத்தை வெயிலில் நம்பாதீர்கள், பாலில் பிசைந்து சிறிது தயிர் விட்டதுதான் மதியம் வரை புளிக்காமல் இருக்கும். மற்றபடி திருவிழா ஊரில் அன்னதானம் இல்லாத நாளே கிடையாது.

கழிப்பறை, தண்ணீர்?

பல வண்டிகளில் இருப்பது கீழே பெட்டி வைத்த சிறிய கழிப்பறை. இருபது லிட்டர் அளவு. ஆறு பேர் தாராளமாகப் பயன்படுத்தினால் ஒரு நாளில் நிரம்பிவிடும். அதனால் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இரவுக்கும் மட்டும் என்று வைத்துக்கொண்டு, மற்றவர்கள் பெட்ரோல் பங்க், ஓட்டல் என்று பார்த்துக்கொள்ளலாம். நிரம்பிய பெட்டியைச் செப்டிக் டேங்க் உள்ள கழிப்பறையில் மட்டும் கொட்டுங்கள், அதற்கு முன் உரியவரிடம் கேட்டுவிட்டு. வாய்க்காலிலோ ஏரியிலோ ஒருமுறை கொட்டினால் அடுத்த வருஷம் அந்த ஊருக்குள் எந்த வேனையும் விடமாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

நூறு லிட்டர் டேங்கில் எல்லோரும் குளிக்க முடியாது. தோட்டத்துக்காரரிடம் கேட்டு பம்புசெட்டில் குளிப்பதைக் குழந்தைகள் வாழ்நாளுக்கும் மறக்காது. குடிக்கக் கேன் தண்ணீர்.

வண்டியை எங்கே நிறுத்துவது? யாரிடம் கேட்பது?

நம் ஊரில் கேம்பர் வேனுக்கென்று தனி இடங்கள் மிக அரிது. ஆனால் கேட்டால் இடம் கொடுக்கிற மனிதர்கள் இருக்கிறார்கள். திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே கோயில் தர்மகர்த்தாவுக்கோ ஊர்ப் பெரியவருக்கோ போன் போட்டு, "இன்னார் பேரன், குடும்பத்தோடு வண்டியில் வர்றோம், எங்கே நிறுத்தலாம்?" என்று கேளுங்கள். குலதெய்வக் கோயில் என்றால் நீங்களும் வரி கொடுக்கும் பங்காளிதான், அவர்களே ஒரு தோப்பைக் காட்டிவிடுவார்கள். தெரியாத ஊர் என்றால் கல்யாண மண்டபத்தைக் கேட்டுப் பாருங்கள். முகூர்த்தம் இல்லாத நாளில் ஒரு அறையும் வண்டி நிறுத்த இடமும் மின்இணைப்பும் நியாயமான தொகைக்குக் கிடைக்கும். என் கணக்கில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

தென்னைக்கு அடியில் வேண்டாம், மட்டையும் காயும் கூரையில் விழும். புளியோ வேம்போ பாருங்கள். காய்ந்த ஏரியிலோ ஓடையிலோ இறக்காதீர்கள், ஒரு கோடை மழை பெய்தால் டயர் புதைந்துவிடும். கூத்து மேடை, தேர் வரும் தெரு, தீமிதிக் குழி, ஆம்புலன்ஸ் வழி, இவை நான்கையும் விட்டுத் தள்ளி நில்லுங்கள்.

அக்னி நட்சத்திரத்தில் பெரியவர்களைக் கூட்டிப்போவது சரியா?

மே 4 வாக்கில் தொடங்கி மே 28 வரை கத்திரி. அந்த நாட்களில் பதினொன்றிலிருந்து நாலு மணி வரை வண்டி தகரப் பெட்டிதான், நிழலில் நின்றாலும் சூடாகும். அந்த நேரத்துக்கு மண்டபமோ கோயில் பிராகாரமோ நல்லது. வேனை இரவுக்கும் விடியற்காலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். உப்புக் கரைசல் பாக்கெட் எப்போதும் பையில் இருக்கட்டும். வியர்வை நின்று, உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் அது வெறும் மயக்கம் இல்லை. நிழலில் படுக்க வைத்து, உடம்பெல்லாம் நனைத்து, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

சென்னையை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்புவது?

விடியற்காலை மூன்று, மூன்றரை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினால் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு தாண்டுவதற்குள் குழந்தைகள் அழ ஆரம்பித்துவிடும். வட சென்னைக்காரர்கள் ஊருக்குள் வராமல் வெளிவட்டச் சாலையில் வண்டலூருக்கு வந்துவிடலாம். வந்தவாசி, செய்யாறு பக்கம் போகிறவர்கள் ஜி.எஸ்.டி. சாலையை மறந்துவிட்டு காஞ்சிபுரம் வழியைப் பிடியுங்கள்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது?

எடுக்கும்போதே கூரை உட்பட நாலு பக்கமும் வீடியோ எடுத்து உரிமையாளருக்கே அனுப்பியிருந்தால், திருப்பிக் கொடுக்கும்போது முன்பணத்தில் வம்பு வராது. கழிப்பறைப் பெட்டியைக் காலி செய்து, கட்டில் விரிப்பை உதறி, குங்குமமும் விபூதியும் மஞ்சள் தண்ணீரும் பட்ட சீட்டைத் துடைத்துவிடுங்கள். மஞ்சள் கறை காய்ந்தால் போகாது, அதற்குத் தனியாகப் பிடிப்பார்கள். ஃபாஸ்டாக் கணக்கை அன்றைக்கே பார்த்து முடித்து, மீதி முன்பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.